ஒன்றுமில்லை

டர்பன் நகரத்து அவசர அழைப்புகள் வந்து விழும் அறைக்கு
ஜன்னல் கிடையாது.
இரவுக்கு ஆறு பேர். கெட்டுப்போன ஒரு காபி மெஷின்.
முதலில் அலறல் வரும்.
அதற்கு ஜூலு தெரியாது, இங்கிலீஷ் தெரியாது,
மரத்திலிருந்து இறங்கியபோதே
கையோடு கொண்டுவந்த சாமான் அது.
நான் காத்திருப்பேன்
அலறல் தேய்ந்து ஒரு தெருப்பெயராகும் வரை.
மசூதி தாண்டி இரண்டாவது திருப்பம், நீலக் கேட்,
நாய் கட்டியிருக்கிறது.
நாலு நிமிஷம் ஆகும் சிலருக்கு.
முதல் தடவை
எத்தனை லட்சம் வருஷம் ஆனதோ.

சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுத் தகரக் கூரைமேல்
வெர்வெட் குரங்குகள். கரிமுகம்.
என் ரொட்டியையும் ஒருமுறை என் ரத்த அழுத்த மாத்திரையையும்
தின்றவை.
கழுகுக்கு ஒரு குரல் வைத்திருக்கின்றன:
கேட்டதும் எல்லாம் புதருக்குள்.
நாய்க்கு இன்னொன்று: லிச்சி மரத்து நுனிக்கு.
பாம்பென்றால்
பின்னங்காலில் எழுந்து நின்று புல்லைப் பார்க்கும்.
பத்து வருஷத்தில் எனக்கும் பிடிபட்டுவிட்டது.
ஒருநாள் பிழிந்த துணியோடு நானும் நின்றேன்
அவற்றோடு சேர்ந்து புல்லைப் பார்த்தபடி.
என்னுடைய பச்சை ஹோஸ் பைப்.
அவை பார்த்தன. நான் பார்த்தேன். பைப் அசையவில்லை.
பாம்பில்லை என்று யாரும் அறிவிக்கவில்லை,
அறிவிக்க அவற்றிடம் ஒரு குரலும் இல்லை.
சத்தம் ஓய்ந்தது,
ஒரு குட்டி பேன் பார்க்கக் குனிந்தது, அவ்வளவுதான்.

என்றைக்கோ ஒருத்தி
பாம்பு போய் வெகுநேரம் கழித்து
நெருப்போரம் உட்கார்ந்து
பாம்புக் குரலை மெதுவாக எடுத்திருக்கிறாள்.
ஒருவரும் எழுந்து ஓடவில்லை.
அந்த நிமிஷம் நேற்று பிறந்தது.
இல்லை பிறக்க இன்னும் நாள் பிடித்திருக்கும்.
இருப்பதைக் காட்ட விரல் போதும்;
இல்லாததை எந்தப் பக்கம் காட்டுவது?

போன செவ்வாய் இரண்டு பத்துக்கு வந்த அழைப்பில்
அலறலே இல்லை.
கொஞ்சம் மூச்சு. அப்புறம் ஒரு பெண்,
இஸ்திரி போட்ட இங்கிலீஷில்:
தவறிப்போய் அழுத்திவிட்டேன், மன்னிக்கணும்.
பெயர்?
தவமணி.
முகவரி கேட்டேன். வேண்டாம் என்றாள்
நான் கேட்டு முடிக்கும் முன்பே.
பின்னால் நாற்காலி ஒன்று தரையை உரசியது.
விதிப்படி என் பெயரைச் சொன்னேன். கோகிலாம்பாள்.
(குயிலின் பெயர். குயிலுக்கு அது தெரியாது.)
சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு அத்தனை இங்கிலீஷுக்கு நடுவே
வேறொரு வாயிலிருந்து வந்ததுபோல
ஒரே ஒரு சொல்:
ஒன்னுமில்ல.

கழுகு தலைக்கு மேல் நிற்கையில்
கழுகில்லை என்று சொல்ல
எந்தக் குரங்காலும் முடியாது.
முடிந்தால் அவையும் வக்கீல் வைத்திருக்கும்.
அப்படிச் சொல்லப்பட்டதைத் தூக்கிப் பார்த்து
அடியில் கழுகு இருப்பதைக் காணவும் முடியாது.
நான் லெங்கிவேயின் தோளைத் தொட்டேன்.
ஒரு தமிழ்ச் சொல்கூட அறியாதவள்
என் முகத்தைப் பார்த்துவிட்டு
அந்த எண் இருக்கும் இடத்துக்கு வண்டியைத் திருப்பினாள்.
சரிங்கம்மா என்றேன் போனில்,
ஒன்னுமில்ல.
நல்லா தூங்குங்க.

வண்டி போய்ச் சேர்ந்தது வரைக்கும்தான்
என் திரையில் வரும்.
பிறகு கட்டம் பச்சையாகி மூடிக்கொள்ளும்.
லெங்கிவே ஒரு பிஸ்கட்டை உடைத்துப் பாதி கொடுத்தாள்.
இரண்டு இருபத்தாறு. அடுத்த அழைப்பு: மாரடைப்பு, ஃபீனிக்ஸ்.

காலை ஆறரைக்கு வீட்டு கேட்டில் சாவியோடு நிற்கிறேன்.
கூரைமேல் பாம்புக் குரல்.
பதினோரு குரங்குகள் இரண்டு காலில்.

பைப்பைச் சுருட்டி உள்ளே வைத்து
ஒரு மாதமாகிறது.